படம் முந்தட்டும்: கிராஃபிக் நாவலையும் உரைநடை நாவலையும் சோடியாக வாசிக்கும் முறை

நாவல் வாசித்துப் பழகியவர்கள் கையில் முதன்முதலாக ஒரு கிராஃபிக் நாவலை, அதாவது படக் கட்டங்களால் கதை சொல்கிற நாவலை, கொடுத்தால், திரும்பி வருகிற முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான். எங்கள் வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பில் இரண்டாம் தட்டில் இருக்கிற மாமா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதை இப்படிச் சொன்னார்: "பின்னேரம் தந்தனீர், இராச்சாப்பாட்டுக்கு முன்னம் முடிஞ்சுது. இதுக்கோ பிள்ளை இவ்வளவு காசு?"

அவர் கையில் இருந்தது 'மவுஸ்', நாஜிகளிடமிருந்து தப்பிய ஒரு யூதரின் கதையை அவருடைய மகன் வரைந்த கிராஃபிக் நாவல். ஆர்ட் ஸ்பீகல்மன் அதை 1980 இல் தொடராக வெளியிடத் தொடங்கினார். முதற்பாகம் 1986 இல் நூலாகியது, இரண்டாம் பாகம் 1991 இல். அடுத்த வருடம் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. பத்து வருடத்துக்கு மேல் ஒரு மனிதர் மினக்கெட்ட வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டதென்றால், மாமா வாசித்தது பேச்சுக் குமிழ்களுக்குள் இருந்த எழுத்தை மட்டும்தான். படங்களை அவர் தாண்டிப் போயிருக்கிறார்.

மாதத்துக்கு ஒருக்கால் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடி, வாசித்ததைப் பற்றிக் கதைப்போம். அங்கே நாங்கள் பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன். இதற்கு இலக்கியப் பட்டம் ஒன்றும் தேவையில்லை. ஒரு பென்சில், இரண்டு வெள்ளை ஒற்றை, கொஞ்சம் பொறுமை போதும்.

தொடங்கமுதல் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உரைநடை நாவலில் முகங்களை நீங்கள் உருவாக்குகிறீர்கள். எது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை எழுத்தாளர் தீர்மானிக்கிறார். கிராஃபிக் நாவலில் முகம் வரைந்தபடியே வந்துவிடுகிறது. நேரம்தான் உங்கள் பொறுப்பு. ஒரு படக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, இரண்டு கட்டங்களுக்கு இடையில் என்ன நடந்திருக்கும் என்பதெல்லாம் வாசிக்கிறவர் போட வேண்டிய முதல். போடாதவருக்கு அது ஒரு பின்னேரத்தில் தீர்ந்துபோகும்.

எதை எதோடு சேர்ப்பது

ஒரே விசயத்தைத் தொடுகிற இரண்டைச் சோடி சேருங்கள். ஒரு துப்பறியும் கதையையும் ஒரு போர்க்கதையையும் பக்கத்தில் வைத்துவிட்டு "எந்த வடிவம் நல்லது" என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை.

எங்களுக்கு வாய்த்த நல்ல சோடியில் இரண்டு புத்தகமும் ஆங்கிலத்தில் உள்ளவை. ஒன்று, கொழும்பில் பிறந்து வளர்ந்த அனுக் அருட்பிரகாசம் 2016 இல் வெளியிட்ட 'த ஸ்டோரி ஒஃப் எ பிரீஃப் மேரேஜ்' என்ற நாவல். மற்றது 2019 இல் வந்த 'வன்னி' என்ற கிராஃபிக் நாவல். எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்ட்சே பொலொக். டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அங்கிருந்து வெளியேறியபோது வெளியேறியவர். இரண்டு புத்தகமும் யுத்தத்தின் கடைசிக் காலத்துக்குள்தான் போகின்றன. ஆனால் நாவல் ஏறக்குறைய ஒரே ஒரு நாளுக்குள் நிற்கிறது. 'வன்னி' ஒரு குடும்பத்தின் பின்னால் நெடுந்தூரம் நடக்கிறது.

ஆங்கிலம் சிரமம் என்றால், மர்ஜான் சத்ரபி தன் ஈரானியச் சிறுவயதை வரைந்த 'பெர்செபோலிஸ்' என்ற கிராஃபிக் நாவல் தமிழில் 'ஈரான்' என்ற தலைப்பில் விடியல் பதிப்பக வெளியீடாக வந்திருக்கிறது. அதோடு தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' நாவலை எடுக்கலாம். நாடு வேறு, யுத்தம் வேறு. ஆனாலும் வீட்டுக்குள் இருக்கிற பெண் கண்ணால் பார்க்கிற யுத்தம் என்று வரும்போது இரண்டும் நிறையக் கதைத்துக்கொள்ளும்.

எதை முதலில் வாசிப்பது? நாவலை முதலில் என்பது என் பிடிவாதம். வரைந்த முகம் மனதில் ஒட்டினால் பிறகு உரிக்க முடியாது. 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையைப் பார்த்து வளர்ந்த ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். 2022 இல் படம் வந்தபிறகும் அவர்களுக்குக் குந்தவை என்றால் அந்தக் கொண்டைதான். என் அம்மா தியேட்டரில் பக்கத்துச் சீற்றுக்குக் கேட்கும்படியே சொன்னா, "இது குந்தவை இல்லை" என்று.

குமிழை மூடிவிட்டுப் பாருங்கள்

கிராஃபிக் நாவலில் முதல் அத்தியாயத்தை எழுத்து வாசிக்காமல் பாருங்கள். கஷ்டமாக இருக்கும். கண் தன்பாட்டில் குமிழுக்குத்தான் ஓடும், பள்ளிக்கூடம் நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஓடினாலும் பரவாயில்லை, திரும்பக் கூட்டி வாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் கட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறார்கள், எந்தக் கட்டம் பெரிது, எது பக்கத்தையே விழுங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அதன்பிறகு முதலாம் பக்கத்துக்குத் திரும்பி எழுத்தோடு வாசியுங்கள்.

'பெர்செபோலிஸ்' முதற்பக்கத்தையே எடுங்கள். முதற்கட்டத்தில் முக்காடு போட்ட ஒரு சிறுமி தனியாக இருக்கிறாள். 1980 இல் பத்து வயதான தான்தான் அது என்று சொல்கிறாள். அடுத்த கட்டம் வகுப்புப் புகைப்படம். வரிசையாக நாலு சிறுமிகள், எல்லோருக்கும் ஒரே மாதிரி முக்காடு. எழுத்து சொல்வது, தான் இடதுபக்க ஓரத்தில் இருப்பதால் படத்தில் தெரியவில்லை என்று. இப்போது கட்டத்தின் இடது விளிம்பைப் பாருங்கள். அவளுடைய ஒரு துண்டு அங்கே இருக்கிறது, சட்டம் அவளை வெட்டிவிட்டது. பகிடியும் அதற்குள்தான், கோபமும் அதற்குள்தான். எழுத்தை மட்டும் வாசித்தவருக்கு இது ஒரு தகவல். படத்தை முதலில் பார்த்தவர் அந்தத் துண்டு உடம்பை ஏற்கெனவே கண்டு "இது யார்?" என்று யோசித்திருப்பார்.

மாமாவுக்கு நான் திருப்பிக் காட்டியது 'மவுஸ்' முதற்பாகத்தின் பின்பகுதியில் வருகிற ஒரு கட்டத்தை. ஸ்பீகல்மன் யூதர்களை எலியாகவும் ஜெர்மானியரைப் பூனையாகவும் போலந்துக்காரரைப் பன்றியாகவும் வரைந்திருக்கிறார். ஒளிந்திருந்த இடத்தைவிட்டு அவருடைய தகப்பனும் தாயும் வெளியே வந்து நடக்கிறார்கள். போவதற்கு இடமில்லை என்கிறது எழுத்து. அவர்கள் முன்னால் பாதைகள் பிரிகின்றன. அந்தப் பாதைகளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் அது நாஜிகளின் ஸ்வஸ்திகா. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள்தான் நடக்க வேண்டும்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் இதை றோட்டெண்டுதான் பாத்தனான்" என்றார்.

அதே பகுதியில் இன்னொன்று இருக்கிறது. இருவரும் பன்றி முகமூடி கட்டிக்கொண்டு நடக்கிறார்கள், போலந்துக்காரர் போலத் தெரிவதற்காக. முகமூடியின் கயிறுகூடத் தெரியும். மனைவியைப் பார்த்தால் யூதப் பெண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தகப்பன் பயப்படுகிறார். படத்தில் அவளுடைய கோட்டுக்கு அடியில் எலிவால் தொங்குகிறது. இதை உரைநடையில் எழுதுவதென்றால் தோற்றம், பேச்சு, நடை என்று ஒரு பந்தி தேவை. இங்கே ஒரு வால் போதும். "படம் பார்க்கிறது சின்னப்பிள்ளைகளின்ரை வேலை" என்று சொல்கிற பெரியவர்களுக்கு நான் இந்த வாலைத்தான் காட்டுவது. அவர்களே சின்ன வயதில் 'சிரித்திரன்' சுந்தரின் சவாரித் தம்பர் கேலிச்சித்திரத்தை வரி விடாமல் பார்த்துச் சிரித்தவர்கள்தான், வளர்ந்தபிறகு மறந்துவிட்டார்கள்.

அடுத்தது இடைவெளி. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டைச் சொல்கிறேன். ஸ்கொட் மெக்ளவுட் 1993 இல் வெளியிட்ட, காமிக்ஸ் வடிவத்திலேயே அமைந்த தன் ஆய்வு நூலில் இதைத்தான் மையமாக வைத்து விளக்குகிறார். கோடரி ஓங்குவது ஒரு கட்டம், அடுத்த கட்டத்தில் நகரத்தின் மேல் ஓர் அலறல். வெட்டு நடந்தது அந்த வெள்ளைக் கோட்டுக்குள். வெட்டியது வாசகர். இதைப் பழகுவதற்கு ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்து ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் ஒரு வசனம் ஒற்றையில் எழுதுங்கள்: இங்கே என்ன நடந்தது, எவ்வளவு நேரம் போனது. ஒரு நொடியா, ஒரு கிழமையா? எங்கள் கூட்டத்தில் ஒரே பக்கத்துக்கு ஆளுக்கு ஆள் வேறு நேரம் எழுதியபிறகுதான் விவாதம் சூடு பிடித்தது.

நாவலை வாசிக்கும்போது

உரைநடைக்குப் பயிற்சி வேறு. அனுக்கின் நாவலில் தினேஷ் என்ற இளைஞன் கிணற்றடியில் குளிக்கிறான். எத்தனையோ நாளுக்குப் பிறகு வருகிற குளிப்பு. தண்ணீர் உடம்பில் படுவதும் ஊத்தை கழன்று போவதுமாகப் பக்கம் பக்கமாகப் போகிறது. சுற்றிவர ஷெல் விழுகிற இடத்தில் எழுத்தாளர் நம்மை ஒரு குளிப்புக்குள் நிறுத்தி வைக்கிறார். அவசரப்படுகிற வாசகர் அங்கே தாண்டிப் போவார். தாண்டாதீர்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அந்தப் பகுதியை உங்கள் வழக்கமான வேகத்தில் வாசியுங்கள். ஓர் ஆள் உண்மையாகக் குளித்து முடிக்க எடுக்கிற நேரத்துக்குக் கிட்டவாக உங்கள் வாசிப்பு நேரமும் வரும். அந்த நேரத்தைத் தந்தது எழுத்தாளர், நீங்கள் அல்ல. இதையே நாலு கட்டமாக வரைந்தால் பத்து விநாடியில் கண் கடந்துவிடும், நீங்களாக நின்றாலொழிய.

பிறகு பென்சிலை எடுத்து அந்தக் கிணற்றடியை வரையுங்கள். ஓவியம் வராவிட்டாலும் பரவாயில்லை, குச்சி மனிதன் போதும். கிணறு எந்தப் பக்கம், வாளி எங்கே, தினேஷுக்குத் தாடி எவ்வளவு. வரைய வெளிக்கிட்டபிறகுதான் எழுத்தாளர் எதைச் சொல்லவில்லை, நீங்கள் எதை இட்டு நிரப்பினீர்கள் என்று தெரியும். எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்காமலே துலா, அதாவது தண்ணீர் இறைக்கிற நீள மரம், போட்டார்கள். கொழும்பிலேயே பிறந்த என் தங்கையின் மகள் கப்பி போட்டாள்.

"துலா எண்டா என்ன பெரியம்மா?" என்று அவள் கேட்டதில் அன்றைக்கு அரைவாசி நேரம் போய்விட்டது.

மறுபக்கப் பயிற்சியும் செய்யுங்கள்: கிராஃபிக் நாவலில் ஒரு பக்கத்தை உரைநடையாக எழுதுவது. அவளிடம் அந்த வகுப்புப் புகைப்படக் கட்டத்தைத்தான் கொடுத்தேன். கெட்டிக்காரி, ஒரு பந்தி எழுதினாள். எல்லா விவரமும் சரியாக இருந்தது, பகிடி மட்டும் செத்துப்போனது. பிறகு சிறுமியின் குரலில், முறைப்பாடு வைப்பதுபோலத் திருத்தி எழுதினாள். அது உயிரோடு வந்தது. ஆனால் சத்ரபியின் பகிடி அல்ல, வேறொரு பகிடி. வடிவம் மாறினால் கதையும் கொஞ்சம் மாறித்தான் தீரும் என்பதை எந்த விரிவுரையும் அவளுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

பார்க்க முடியாத பக்கம் வந்தால்

'வன்னி'யைக் கூட்டத்துக்கு எடுத்தபோது ஓர் அக்கா, அவவின் சொந்தங்கள் அந்தப் பாதையால் வந்தவர்கள், நாவலை முழுதாக வாசித்துவிட்டு வந்தா. கிராஃபிக் நாவலைப் பாதியில் வைத்துவிட்டா. காரணத்தை அவவே சொன்னா: "எழுத்தெண்டா, வரப்போகுதெண்டு ரண்டு வரிக்கு முன்னமே தெரியும். மனதைத் தயார்படுத்தலாம், இல்லாட்டிக் கண்ணைத் தூக்கி அங்கால வைக்கலாம். படம் பக்கத்தைத் திருப்பினவுடனை முழுசா முகத்திலை விழுது."

வடிவத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் இது. உரைநடை வரிசையில் வரும். படப் பக்கமோ முதலில் மொத்தமாகக் கண்ணில் படும், அதற்குப் பிறகுதான் கட்டம் கட்டமாகப் பிரியும். நல்ல கலைஞர்களுக்கு இது தெரியும். அதிர்ச்சியான படத்தை அவர்கள் வலதுபக்கத்தில் வைக்காமல், ஒற்றையைத் திருப்பினால்தான் தெரிகிற இடதுபக்கத்தில் வைப்பார்கள்.

அதனால் இரண்டாவது வெள்ளை ஒற்றை. எதிர்ப்பக்கத்தை மூடிக்கொண்டு, ஒரு வரிசைக் கட்டத்தை மட்டும் திறந்து, மெதுவாகக் கீழே இழுத்து வாசியுங்கள். வரைந்தவர் நினைத்த அனுபவம் இதுவல்ல, எனக்குத் தெரியும். ஆனால் வாசிக்க முடியாமல் மூடி வைப்பதைவிட இது நல்லது. அக்கா பிறகு அப்படித்தான் வாசித்தா, எல்லாப் பக்கமும் அல்ல. மிச்சத்தை வாசியுங்கோ என்று நாங்களும் கேட்கவில்லை. கூட்டம் நடத்துகிறவர்களுக்கு: இந்தச் சோடியை எடுக்கமுதல் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கொழும்பில் எந்த விறாந்தையில் ஏழு தமிழர் இருந்தாலும், அதில் ஒருவருக்காவது இது வெறும் கதையாக இருக்காது.

எங்கே வைத்து வாசிப்பது

காலையில் வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டைக்குப் போகிற ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் நாவல் வாசிக்கலாம். நான் வாசித்த நாவல்களில் பாதி பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் வாசித்தவை. கிராஃபிக் நாவலை அங்கே கொண்டுபோக வேண்டாம். அதற்கு இரண்டு கையும் ஒரு மேசையும் வேண்டும், விரித்த பக்கம் தட்டையாகக் கிடக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதும் நிச்சயம். நாவலை யாரும் அப்படி எட்டி வாசிப்பதில்லை. படம் என்றால் விடமாட்டார்கள்.

கைபேசியில் வாசிப்பதை நான் விரும்புவதில்லை. சில செயலிகள் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும். எழுத்து வடிவாகத் தெரியும், பக்கம் காணாமல்போகும். மேலே சொன்ன அந்தப் பாதைக் கட்டம் தனியே வந்தால் ஒரு படம், அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் நெருக்கிக்கொண்டு நிற்கிற சின்னக் கட்டங்களோடு சேர்ந்தால்தான் மூச்சு முட்டும். உரைநடைக்குக் கைபேசி பாதகமில்லை, வரி எங்கே முறிந்தாலும் வசனம் அதே வசனம்தான். கிராஃபிக் நாவலுக்கு டப்லட் என்றால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் இன்னொரு சில்லெடுப்பு உண்டு. குமிழ் வேற்று மொழிக்கு அளவெடுத்து வரைந்தது, நம்முடைய சொற்களோ நீளம். அதனால் எழுத்தைச் சின்னதாக்கி நெருக்கி அடுக்குவார்கள். வயதானவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கும்போது மேசை லாம்பை கிட்ட வைத்துக் கொடுங்கள். ஜப்பானிய மங்கா என்றால் பெரும்பாலானவை வலமிருந்து இடமாகப் போகும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மாமா மாதிரி ஆட்கள் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கி "நல்ல தொடக்கம்" என்பார்கள்.

கொழும்பில் தேடுவது

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியபிறகு இறக்குமதிப் புத்தகங்களின் விலை, அதிலும் தடித்த தாளில் அச்சடித்த கிராஃபிக் நாவலின் விலை, தொட்டால் சுடுகிறது. ஆகவே சோடியில் நாவலை இரவல் வாங்குங்கள், கிராஃபிக் நாவலை நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். தமிழ் நாவல்களுக்கு 57ஆம் ஒழுங்கையில் இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, வாங்குவதென்றால் காலி வீதியில் பூபாலசிங்கம். ஆங்கிலத்துக்குப் பொது நூலகத்தையும் ஒருக்கால் பாருங்கள். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் அதிட்டம் இருந்தால் கிடைக்கும். ஆனால் அங்கே காமிக்ஸ் என்று கேட்டால் சுப்பர்மேனைத்தான் எடுத்துத் தருவார்கள், அட்டையைக் கைபேசியில் காட்டிக் கேளுங்கள்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கிற சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் சனி ஞாயிறைத் தவிருங்கள். கிராஃபிக் நாவல்களைப் பிளாஸ்ரிக் உறை போட்டுத்தான் அடுக்கியிருப்பார்கள். திறந்து பார்க்கிற பிரதி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். நடுப்பக்கம் ஒன்றை விரித்து, தையல் பக்கத்துக்கு உள்ளே படம் ஒளிந்துபோகிறதா என்று பாருங்கள். ஒளிந்தால் அந்தப் பதிப்பை வாங்காதீர்கள்.